ஏறாதவர்க்கும் உண்டு சதுரகிரி தரிசனம்

பேரையூர் என்றவுடன் பக்தர்கள் பலருக்கும் நினைவுக்கு வருவது புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள நாகநாதர் திருக்கோயிலாகும். இங்குச் சொல்லப்படுவது அந்தப் பேரையூர் அன்று. மதுரை மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி அமைந்திருக்கும் பேரையூர் இது. மதுரையிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தொலைவு. திருமங்கலத்தைக் கடந்து தே.கல்லுப்பட்டி வரை நெடுஞ்சாலையில் சென்று, அங்கிருந்து மேற்கே திரும்ப வேண்டும். இருபுறமும் கரிசல் நிலம். மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் விளையும் பூமி. தே.கல்லுப்பட்டியில்தான் காந்தி நிகேதன் ஆசிரமம் உள்ளது. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி.குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த இடம் அது. காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30ஆம் நாளில், 1960ஆம் ஆண்டு, குமரப்பாவும் மறைந்தார்.

பேரையூரும் அதன் மேற்கேயுள்ள சாப்டூரும் முற்காலத்தில் பாளையங்களாக விளங்கிய ஊர்கள். ஊரை ஒட்டிய மலைமீது மேலப்பரங்கிரிநாதர் எழுந்தருளியிருக்கிறார். திருப்பரங்குன்றத்துக்குப் பரங்கிரி என்பது பழைய பெயர்களுள் ஒன்று. அதனைக் கிழக்கே வைத்து, இங்குள்ள ஈசனை மேலப்பரங்கிரிநாதர் என்று அழைக்கின்றனர் போலும். மாலை வேளையில் அந்த மலையின் அடிவாரத்தில் நின்று மேற்கே நோக்கினால், நீல நிறத்தில் அடுக்கடுக்காக மலைகள் தெரியும். அவற்றின் நடுவேதான் சித்தர்கள் வாழும் பூமி எனப் போற்றப்படும் சதுரகிரி அமைந்துள்ளது. பெரும்பாலான பக்தர்கள் விருதுநகர் மாவட்டத்துத் தாணிப்பாறை வழியாக ஏறினாலும், மலைமேல் கோயில் இருக்கும் இடம் பேரையூர் வட்டத்தைச் சேர்ந்ததே ஆகும்.

ஆடி மாதத்து வருகை

இந்தப் பேரையூரில் ஒரு பெரியவர் வாழ்ந்து வருகிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயது. மனைவி புற்றுநோயால் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் சென்னையில் பணிபுரிகிறார். மருமகள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரன் ஆகியோர் கொண்ட அளவான குடும்பம்.

பொங்கலுக்கும் ஆடி அமாவாசைக்கும் மகன் குடும்பத்துடன் ஊருக்கு வருவது வழக்கம். வந்தால் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஓரிடத்துக்குப் புறப்பட்டுவிடுவார். ஒரு முறை ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று ஆண்டாளைச் சேவித்து, திரும்பும்போது பால்கோவா வாங்கி வந்தார்கள். மற்றொரு முறை வத்திராயிருப்புக்கு மேலே உள்ள பிளவக்கல் அணைக்குப் போனார்கள். இன்னொரு முறை திருப்பரங்குன்றம், அழகர்கோவில், பழமுதிர்சோலை என ஒரே நாளில் மூன்று தலங்களையும் தரிசித்தார்கள். எங்கே போனாலும் சில கிலோமீட்டர் தூரமாவது பிள்ளைகளை நடக்க வைப்பார். வண்டியில் போய்ப் பார்த்தது மறந்துவிடும், நடந்து போய்ப் பார்த்தது மறக்காது என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணம் தந்தையிடமிருந்து வந்தது.

பெரியவர் இளமையில் சாப்டூர் வாழைத்தோப்பு வழியாகச் சதுரகிரி ஏறியவர். அரிசியும் வெல்லமும் கட்டிய மூட்டையைத் தலையில் சுமந்து, ஊர்க்காரர்களோடு விடியுமுன் புறப்பட்டு, மலைமேல் பொங்கலிட்டு இரவு தங்கித் திரும்பிய காலம் அது. பின்னர்த் தாணிப்பாறை வழியாக ஏறத் தொடங்கினார். திருமணமான பிறகு மனைவியும் உடன் வந்தார். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி என்பது அந்தக் குடும்பத்தில் மாறாத வழக்கமாயிற்று.

மனைவி மறைந்த பிறகு இரண்டு ஆண்டுகள் அவர் ஏறவில்லை. அடுத்த ஆண்டு முழங்கால் வலி வந்துவிட்டது. மலையேறக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் இந்த ஆண்டு ஆடி பிறந்ததும் மகனிடம் தொலைபேசியில் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்.

"இந்த ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்விடப்பா. அடுத்த வருஷம் கேட்க மாட்டேன்."

மகனால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. வந்து பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

திண்ணையில் கேட்ட கதை

அமாவாசைக்கு முந்தைய இரவு. ஆடிக்காற்று மலைப்பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. திண்ணையில் தாத்தாவும் பேத்தியும் அமர்ந்திருந்தார்கள். பேத்தி ஒரு வெள்ளைத் துணித் துண்டை எடுத்து வந்து காட்டினாள். அதில் அவளுடைய அப்பத்தாவின் பெயர் அழகாக எழுதப்பட்டிருந்தது.

சென்னையில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக நடந்த ஓட்டம் ஒன்றில் அவளும் அவள் அப்பாவும் கலந்துகொண்டிருக்கிறார்கள். அப்போது சட்டையில் குத்திக்கொண்டு ஓடிய துணி அது. அப்பாவுக்கு ஓடிப் பழக்கமில்லை, பாதி தூரம் ஓட்டமும் பாதி தூரம் நடையுமாக முடித்தார் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பெரியவருக்கு அது விளங்கவில்லை. "ஓடுவது ஓரிடத்தில், நோய் வேறோரிடத்தில். நீங்கள் ஓடினால் நோயாளிக்கு என்னம்மா பயன்? கொடுக்க நினைத்த பணத்தை நேரே கொடுத்துவிடலாமே" என்றார்.

அதற்குப் பேத்தி, பள்ளியில் தெரிந்துகொண்ட ஓர் இளைஞனின் வரலாற்றைச் சொன்னாள்.

கனடா நாட்டைச் சேர்ந்த டெர்ரி ஃபாக்ஸ் என்பவர் 1958ஆம் ஆண்டு பிறந்தவர். 1977இல், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோய் காரணமாக அவருடைய வலக்கால் முழங்காலுக்கு மேலே அகற்றப்பட்டது. மருத்துவமனையில் தம்மைச் சுற்றி நோயால் வாடிய சிறுவர்களைக் கண்டு மனம் கலங்கினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக, செயற்கைக் காலுடன் அந்த நாட்டின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை ஓடுவது என்று முடிவு செய்தார். 1980 ஏப்ரல் 12ஆம் நாள் அட்லாண்டிக் கடல்நீரில் செயற்கைக் காலை நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். நாள்தோறும் சுமார் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். தொடக்கத்தில் கவனிப்பார் அதிகம் இல்லை. போகப் போக ஊர்தோறும் மக்கள் திரண்டு வந்து காணிக்கை அளித்தனர். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தார். செப்டம்பர் 1ஆம் நாள் மூச்சு விட முடியாமல் நின்றார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28ஆம் நாள், இருபத்து மூன்று வயது நிறையுமுன்பே காலமானார்.

"பாதியிலேயே நின்றுவிட்டதா அந்தப் பிள்ளையின் ஓட்டம்?" என்று கேட்டார் பெரியவர்.

"அவர் நின்றுவிட்டார் தாத்தா. ஆனால் அதே வருஷம் செப்டம்பர் மாதத்தில் மூன்று லட்சம் பேர் அவர் பெயரில் ஓடினார்கள். அப்புறம் வருஷா வருஷம் பல நாடுகளில் ஓடுகிறார்கள். நம் சென்னையிலும் ஐ.ஐ.டி. வளாகத்தில் அவர் பெயரில் ஓட்டம் நடந்திருக்கிறது. அதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது. நடக்கலாம், ஓடலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். ஓட முடியாதவர்கள் பணம் கொடுப்பார்கள்."

டெர்ரி ஃபாக்ஸ் விரும்பியது ஒவ்வொரு கனடியரும் ஒரு டாலர் தர வேண்டும் என்பது. அந்நாட்டின் அன்றைய மக்கள்தொகை சுமார் இரண்டு கோடியே நாற்பது லட்சம். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1981 பிப்ரவரியில், அந்தத் தொகை சேர்ந்துவிட்டது.

பெரியவர் அந்தத் துணியை வாங்கி, மனைவியின் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதை மடித்துப் பேத்தியிடமே கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

தாணிப்பாறையில்

விடியுமுன் எழுந்து, மனைவியின் படத்துக்கு முன் விளக்கேற்றி வணங்கிவிட்டு எல்லோரும் புறப்பட்டார்கள். தே.கல்லுப்பட்டி, அழகாபுரி, வத்திராயிருப்பு, மகாராஜபுரம் வழியாகத் தாணிப்பாறை அடிவாரத்தை அடைந்தபோது நன்கு விடிந்திருந்தது. பல மாவட்டங்களிலிருந்தும் வந்த பேருந்துகள் வரிசையாக நின்றன. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கான பக்தர்கள் கூடும் தலம் இது.

கிழக்கே இந்திரகிரி, தெற்கே ஏமகிரி, மேற்கே வருணகிரி, வடக்கே குபேரகிரி என நான்கு மலைகள் சூழ்ந்திருப்பதால் சதுரகிரி எனப் பெயர் வந்தது என்பர். சுந்தர மகாலிங்கமும் சந்தன மகாலிங்கமும் மலைமேல் எழுந்தருளியிருக்கின்றனர். வழிநெடுகிலும் வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பிலாவடிக் கருப்பர் சந்நிதி எனப் பல இடங்கள் உள்ளன. சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2021ஆம் ஆண்டு முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியாகவும் உள்ளது. ஆகவே வனத்துறை நுழைவாயிலில் பைகளைச் சோதித்து, நெகிழிப் பொருள்களையும் தீப்பற்றும் பொருள்களையும் எடுத்து வைத்துவிட்டே உள்ளே அனுப்புகின்றனர்.

பெரியவர் ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் மகனின் தோளுமாக நடந்தார். அரோகரா முழக்கம் காதில் விழ விழ அவர் முகம் மலர்ந்தது. சமதளமான பாதையில் நடை சீராகவே இருந்தது. பாறைகள் நிறைந்த ஏற்றம் தொடங்கியதும் முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு பாறையில் அமர்ந்தார். எழுந்தார். பத்தடி நடந்தார். மீண்டும் அமர்ந்தார். மூன்றாம் முறை எழ முயன்றபோது, மகன் தம் பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, தந்தையைத் தூக்கிச் சுமக்கும் நோக்குடன் முன்னால் குனிந்து நின்றார்.

பெரியவர் அந்த முதுகையே பார்த்தார். நாற்பத்தைந்து வயது முதுகு. இடுப்பு வலிக்காகத் தைலம் தேய்த்துக்கொள்ளும் முதுகு. பக்கத்தில் பேரனும் பேத்தியும் மேலே ஏறிச் செல்வோரையும் தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்கள். மாலைக்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். இப்படியே போனால் பிள்ளைகளுக்கும் தரிசனம் கிடைக்காது.

"நிமிர்ந்து நில்லப்பா. நான் கீழேயே இருக்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்" என்றார்.

"வேண்டாம் அப்பா. நானும் உங்களோடு இருக்கிறேன். அவர்கள் மூவரும் போகட்டும்."

"உன் அம்மா பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு ஓடினாயே, அவளா ஓடினாள்? அதைப்போல என் பெயரைச் சொல்லிக்கொண்டு இந்த மலையில் ஏறு. என் பங்கு அதில் சேர்ந்துவிடும்."

மகனுக்குக் கண்கள் கலங்கின. தந்தையின் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மாமாவோடு நான் இருக்கிறேன். நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று மருமகள் முன்வந்தார். அவரும் ஆண்டு முழுதும் இந்த மலையேற்றத்தை எதிர்பார்த்திருந்தவர்தாம். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை.

அப்பர் பெருமானின் பயணம்

மெல்ல அடிவாரத்துக்குத் திரும்பி, நுழைவாயிலுக்கு வெளியே ஒரு மரநிழலில் இருவரும் அமர்ந்தார்கள். பெரியவரின் மனம் அப்பர் பெருமானை நினைத்தது.

முதுமையில் கயிலையைக் காணும் ஆவல் கொண்டு வடக்கே புறப்பட்டவர் திருநாவுக்கரசர். காசியையும் கடந்து சென்றார். நடந்து நடந்து பாதங்கள் தேய்ந்தன. கைகளால் ஊன்றித் தவழ்ந்தார். கைகளும் தேய்ந்தபோது மார்பால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது புரண்டார். முனிவர் வடிவில் வந்த ஈசன், மானிடர் சென்று சேரக்கூடிய இடமன்று கயிலை, திரும்பிச் செல்க என்றார். அப்பர் திரும்பவில்லை. அப்போது இறைவன் அங்கிருந்த பொய்கையில் மூழ்கும்படி பணித்தார். மூழ்கியவர் எழுந்தது காவிரிக்கரைத் திருவையாற்றில். அங்கே, களிறும் பிடியும் முதலாகக் கண்ணில் பட்ட உயிரிணைகள் அனைத்தும் சிவமும் சக்தியுமாய்த் தோன்றக் கண்டார். அவர் கயிலைக்குப் போகவில்லை. கயிலை அவரிடம் வந்தது. அந்தக் கயிலைக் காட்சி விழா ஆண்டுதோறும் திருவையாற்றில் நடைபெறுவது இதே ஆடி அமாவாசை நாளில்தான்.

இதை மருமகளிடம் சொன்னபோது பெரியவரின் குரல் தழுதழுத்தது. "நாவுக்கரசருக்கே கால் நின்றுவிட்டது அம்மா. நான் எம்மாத்திரம்" என்றார்.

சற்றுத் தள்ளி ஒரு நீர்மோர்ப் பந்தல் இருந்தது. பக்கத்துக் கிராமத்தார் சிலர் சேர்ந்து போட்டிருந்தார்கள். பெரிய பானைகளில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் பெருங்காயமும் கலந்த மோர். நெகிழிக் கோப்பைகளுக்கு இடமில்லை என்பதால் எவர்சில்வர் தம்ளர்கள். கூட்டம் மிகுந்துவிட, ஊற்றிக் கொடுக்கவும் தம்ளர்களைக் கழுவிவைக்கவும் ஆள் போதாமல் அவர்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

மருமகள் எழுந்து போய்ச் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தம்ளர்களைக் கழுவ அமர்ந்தார். பெரியவரும் சென்றார். "உட்கார்ந்தபடியே நான் ஊற்றித் தருகிறேனே" என்று கேட்டார். அவர்கள் மகிழ்ச்சியோடு ஒரு மரப்பலகையைப் போட்டுக் கரண்டியை அவர் கையில் கொடுத்தார்கள்.

தண்ணீர்ப் பந்தல் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலத்து அறம். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் வழிப்போக்கர்களுக்காகச் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் அதற்குச் சான்று. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு, திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், தாம் கண்ணால் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். தம் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரையே இட்டார். அந்த வழியே நடந்து வந்த அப்பர் பெருமான், பந்தலில் தம் பெயரைக் கண்டு வியந்து, அதை அமைத்தவரைத் தேடிச் சென்றார். நடந்தவர் ஒருவர். நடப்பவரின் தாகம் தீர்த்தவர் வேறொருவர். இருவரும் நாயன்மார்கள் வரிசையில் வைத்து வணங்கப்படுகிறார்கள்.

நண்பகல் தாண்டும் வரை பெரியவரின் கை ஓயவில்லை. கைக்குழந்தையைத் தோளில் சாய்த்த இளந்தம்பதியர், காவி வேட்டி கட்டிய கல்லூரி மாணவர்கள், ஒருவர் கையை ஒருவர் பற்றிய வயதான சகோதரிகள் எனப் பலரும் வந்து குடித்தார்கள். காலையில் அவரைக் கடந்து ஏறிப் போனவர்கள் இப்போது இறங்கி வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் நெற்றியிலும் மலையின் திருநீறு இருந்தது. வெறுங்காலோடு நடந்து வந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் பந்தலருகே நின்றார்.

"காலையில் நீங்கள் இரண்டு தம்ளர் மோர் கொடுத்தீர்கள் ஐயா. வழி நெடுகத் தாங்கியது. நீங்கள் மேலே வரவில்லையா?"

"கால் ஒத்துழைக்கவில்லை தம்பி."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மடியிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பெரியவரின் உள்ளங்கையில் ஒரு பங்கு வைத்துவிட்டு, கும்பிட்டுச் சென்றார். பெரியவர் கரண்டியைக் கீழே வைத்தார். மலையை நோக்கித் திரும்பி, அந்த நீற்றை நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். மருமகளின் நெற்றியிலும் இட்டுவிட்டார்.

பால் கொடுத்த மங்கை

மகனும் பிள்ளைகளும் இறங்கி வந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. பேரன் ஓடி வந்து, "தாத்தா, சாமி சாய்ந்து நிற்கிறார்!" என்றான்.

பெரியவர் அவனை அருகில் அமர்த்திச் சுந்தர மகாலிங்கத்தின் வரலாற்றைச் சொன்னார். முன்னொரு காலத்தில் இப்பகுதியில் பச்சைமால் என்ற இடையர் வாழ்ந்தார். அவர் மனைவி சடைமங்கை, வழியில் தவசி ஒருவருக்கு நாள்தோறும் பால் கொடுத்து வந்தாள். வீட்டில் பால் குறைவதை அறிந்த கணவன் பின்தொடர்ந்து வந்து அவளை அடித்தான். தவசியின் அருளால் அவள் தெய்வநிலை அடைந்தாள். மனைவியைப் பிரிந்து வருந்திய பச்சைமால் மலையில் மாடு மேய்த்துத் திரிந்தபோது, துறவி ஒருவர் பசுவின் மடியில் வாய் வைத்துப் பால் அருந்துவதைக் கண்டு கோலால் அடித்துவிட்டார். அடிபட்டவர் சிவபெருமான். கதறி அழுத பச்சைமாலுக்கு அருள் புரிந்து, அங்கேயே லிங்க வடிவில் சற்றுச் சாய்ந்த கோலத்தில் எழுந்தருளினார் என்று தலவரலாறு கூறுகிறது.

"அப்படியென்றால் முதலில் பால் கொடுத்தது அந்த அம்மா தானே?" என்று கேட்டான் பேரன்.

"ஆமாம் ராசா. கேட்டவருக்குக் கொடுத்தவள் அவள்தான். இந்த மலையின் கதையே அங்கேதான் தொடங்குகிறது."

பேத்தி தன் பையிலிருந்து திருநீறும் வில்வமும் எடுத்துத் தந்தாள். சந்நிதியில் தாத்தாவின் பெயரையும் அப்பத்தாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லி வணங்கியதாகக் கூறினாள். பாதையில் மிகவும் களைத்தபோது, இது தாத்தாவுக்காக என்று நினைத்துக்கொண்டே நடந்ததாகவும் சொன்னாள்.

அன்றிரவு வீடு திரும்பியபின் பெரியவர் இரண்டு காரியங்கள் செய்தார். ஓய்வூதியப் பணத்திலிருந்து ஒரு தொகையை எடுத்து உறையில் இட்டு, மேலே மனைவியின் பெயரை எழுதிப் பேத்தியிடம் கொடுத்தார். அடுத்த ஓட்டத்துக்கு அது அவருடைய பங்கு. இரண்டாவதாக, பேரையூரில் மாதந்தோறும் அமாவாசையன்று மலைக்குப் புறப்படும் பக்தர்களுக்கு நீர்மோர் வழங்குவது என்று முடிவு செய்து, அதற்கான இரண்டு மண்பானைகளுக்குச் சொல்லிவைத்தார். அடுத்த ஆண்டு மலைக்கு அழைத்துப் போகும்படி அவர் கேட்கவில்லை. அடிவாரத்துக்கு அழைத்துப் போகும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.

யாத்திரை செல்வோர் கவனத்துக்கு

மதுரையிலிருந்து திருமங்கலம், தே.கல்லுப்பட்டி வழியாகப் பேரையூரை அடையலாம். சதுரகிரிக்குச் செல்வோர் தே.கல்லுப்பட்டியிலிருந்து அழகாபுரி வழியாக வத்திராயிருப்பு சென்று, அங்கிருந்து தாணிப்பாறையை அடைய வேண்டும். ரயிலில் வருவோர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கலாம். 2015 மே மாதம் மலை ஓடைகளில் திடீரென வெள்ளம் பெருகிப் பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். அதன் பிறகு பிரதோஷம், பௌர்ணமி, அமாவாசை ஆகிய நாள்களை ஒட்டியே மலையேற அனுமதி வழங்கப்பட்டு வந்தது. இந்த விதிகள் காலத்துக்கேற்ப மாற்றப்படுவதால், புறப்படுமுன் வனத்துறையின் அறிவிப்பைக் கேட்டறிவது நலம். மழை அறிகுறி தென்பட்டால் ஓடையைக் கடக்க முயலக் கூடாது. நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் தவிர்க்க வேண்டும்.

இதய நோய், மூச்சிரைப்பு, முழங்கால் வலி உள்ள பெரியோர் மருத்துவரின் ஆலோசனையின்றி ஏறுவதைத் தவிர்க்க வேண்டும். ஏற முடியவில்லையே என்று அவர்கள் மனம் வருந்தவும் வேண்டியதில்லை. பிள்ளைகளையும் பேரக்குழந்தைகளையும் மேலே அனுப்பிவிட்டு, அடிவாரத்தில் அமர்ந்து, வருவோர்க்கு ஒரு குவளை நீர் கொடுத்தாலும் அது யாத்திரையே ஆகும். கால் தேய்ந்து நின்றவரைத் தேடித் திருவையாற்றுக்கே கயிலையைக் கொண்டுவந்த பெருமான், தாணிப்பாறைக்கும் வருவான்.